புதியன காணும் பழக்கம்

புதுமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் பலருடைய உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. அது பிறவியிலேயே பேரறிவு வாய்க்கப்பெற்ற ஒரு சிலருக்கு மட்டுமே உரியது. அன்றாடப் பிழைப்பிலே உழலும் நமக்கு அதில் பங்கில்லை என்பது ஓர் எண்ணம். புதுமை என்றாலே மார்க்கத்துக்கு ஆகாத ஒன்று. முன்னோர் நடந்த தடத்தில் இடம் வலம் பாராமல் நடப்பதுதான் பேணுதலான வாழ்வு என்பது மற்றோர் எண்ணம். முதல் எண்ணம் நம்மைச் சோம்பலில் ஆழ்த்துகிறது. இரண்டாம் எண்ணமோ சோம்பலுக்கு மார்க்கத்தின் போர்வையைப் போர்த்திவிடுகிறது. இவ்விரண்டும் எவ்வளவு தூரம் சரியானவை என்பதை நம் முன்னோரின் வாழ்விலிருந்தே ஆராய்ந்து பார்ப்பது நலம்.

இரண்டாம் எண்ணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மார்க்கத்தில் இல்லாத ஒன்றை மார்க்கமென்று சொல்லிப் புகுத்துதல் கூடாது என்பதில் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் வாழ்வின் கருவிகளும் வழிமுறைகளும் அந்த விலக்கினுள் அடங்குவன அல்ல. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டில் (கி.பி. 627) பகைவர் கூட்டுப் படை மதீனாவை நோக்கித் திரண்டு வந்தபோது, ஊரைச் சுற்றி அகழ் தோண்டலாம் என்று யோசனை கூறியவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அரபு மக்கள் அதுவரை அறியாத முறை அது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதை ஏற்றதுடன் நில்லாமல், தாமே மண் சுமந்து அந்த அகழைத் தோண்டினார்கள். இது எங்கள் நாட்டு வழக்கமன்று என்று எவரும் அதைத் தள்ளிவிடவில்லை.

இதனினும் நுட்பமானது, யமாமாப் போருக்குப் பின் நிகழ்ந்த உரையாடல். அப்போரில் இறைமறையை நெஞ்சில் சுமந்திருந்தவர் பலர் ஷஹீதாயினர். இந்நிலை தொடர்ந்தால் மறையின் பகுதிகள் கைவிட்டுப் போகுமே என்று அஞ்சிய உமர் (ரலி) அவர்கள், அதனை ஒரே ஏடாகத் தொகுக்க வேண்டுமென்று கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வேண்டினார்கள். நபிகளார் (ஸல்) செய்யாத ஒன்றை நாம் எப்படிச் செய்வது என்று கலீஃபா தயங்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் விடவில்லை. அதில் நன்மையே இருக்கிறது என்று திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார்கள். கலீஃபாவின் உள்ளம் தெளிந்தது. பின்னர் அப்பணியைச் செய்ய அழைக்கப்பட்ட ஜைத் இப்னு தாபித் (ரலி) அவர்களும் அதே கேள்வியைக் கேட்டுத் தயங்கினார்கள். ஒரு மலையைப் பெயர்க்கச் சொல்லியிருந்தாலும் அது இவ்வளவு கனத்திருக்காது என்று கருதினார்கள். அவர்களுடைய உள்ளமும் தெளிந்த பிறகே வேலை தொடங்கியது. பேரீச்ச மட்டைகளிலிருந்தும், தட்டைக் கற்களிலிருந்தும், மனிதரின் நெஞ்சங்களிலிருந்தும் திருவசனங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது யாது? புதியதை முன்மொழிந்தவரும் சரியானதையே செய்தார். தயங்கியவர்களும் சரியானதையே செய்தார்கள். தயக்கம் கேள்வியாக வெளிப்பட்டது. கேள்விக்கு விடை தேடப்பட்டது. விடை கிடைத்தபின் வேலை நடந்தது. நாமோ பெரும்பாலும் தயக்கத்தோடு நின்றுவிடுகிறோம். நம்முடைய தயக்கம் கேள்வியாக மாறுவதேயில்லை.

இனி முதல் எண்ணத்துக்கு வருவோம். புதியன காணும் ஆற்றல் ஒரு சிலருக்கு மட்டுமே வாய்த்த கொடையா? அறிவு இறைவனின் கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் மழை எல்லா நிலத்திலும் பெய்கிறது. உழுது வைத்த நிலம்தான் விளைகிறது. அறிவு நிலத்தை உழும் அந்த வேலைக்குத்தான் பழக்கம் என்று பெயர். இதனை விளக்க, பஸரா நகரில் ஓர் எளிய குடிசையில் வாழ்ந்த ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அவர் பெயர் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்). ஹிஜ்ரி 100 அளவில் (கி.பி. 718) உமானில் பிறந்து, பஸராவில் வாழ்ந்து, அந்நூற்றாண்டின் பின்பகுதியில் மறைந்தவர். அரபு இலக்கணத்தின் பேராசான் ஸீபவைஹி இவருடைய மாணவர். ஆளுநர் ஒருவர் பொருள் தந்து தம்மிடம் அழைத்தபோது, வந்த தூதருக்குத் தம்மிடமிருந்த காய்ந்த ரொட்டியைக் காட்டி, இது உள்ளவரை எனக்கு அவர் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார் எனப் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. செல்வமோ பதவியோ ஓய்வோ இருந்தால்தான் புதிதாகச் சிந்திக்க முடியும் என்போருக்கு இவருடைய வாழ்வே மறுமொழி.

அரபுக் கவிதைக்கு யாப்பிலக்கணம் வகுத்தவர் கலீல். அவருக்கு முன் அரபியர் பல நூற்றாண்டுகளாகக் கவி பாடிக்கொண்டுதான் இருந்தனர். செவி சொன்னது, நா பாடியது. ஆனால் எந்த விதியின்படி அவ்வோசை அமைகிறது என்று எடுத்துச் சொல்வார் எவருமில்லை. அந்த விதியைக் கலீல் கண்டறிந்த வகையைப் பற்றி இப்னு கல்லிகான் போன்ற வரலாற்றாசிரியர்கள் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளனர். பாத்திரம் கொட்டும் கன்னார் தெரு வழியே அவர் நடந்து சென்றார். சுத்தியல் தாம்பாளத்தின்மீது விழும் ஓசை அவர் செவியில் பட்டது. ஓர் அடி, ஓர் இடைவெளி; இரண்டு அடி, ஓர் இடைவெளி. அந்த ஓசையிலே அவர் கவிதையின் நடையைக் கேட்டார்.

அந்தத் தெருவில் அன்றாடம் எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். கவிஞர்களும் நடந்திருப்பார்கள். எல்லாருக்கும் அது காதை அடைக்கும் இரைச்சல். ஒருவருக்கு மட்டும் அது ஏன் இலக்கணமாயிற்று? இவ்விடத்தில் நாம் ஒன்றை மறந்துவிடலாகாது. சுத்தியலோசை அவருக்கு யாப்பிலக்கணத்தைக் கற்பித்துவிடவில்லை. ஏராளமான கவிதைகளை அவர் முன்பே மனத்தில் தேக்கி வைத்திருந்தார். இவற்றின் ஓசைக்கு அளவுகோல் எது என்னும் கேள்வியை நெடுநாளாகச் சுமந்து திரிந்தார். முன் எவரும் அறியாத ஓர் அறிவைத் தனக்குத் தருமாறு மக்காவில் இறைவனிடம் இறைஞ்சினார் என்றும் சொல்லப்படுகிறது. துஆவும், நெடுநாள் பயிற்சியும், தீராத கேள்வியும் ஒன்றுகூடிய உள்ளத்தில்தான் தெருவோசை வந்து விழுந்தது. கேள்வி இல்லாத உள்ளத்தில் எந்த ஓசை விழுந்தாலும் அது ஓசையாகவே போய்விடும்.

அதன் பின்பு அவர் செய்தது கடினமான உழைப்பு. ஒவ்வோர் அடியையும் உயிர்க்குறி பெற்று அசையும் எழுத்து, சுகூன் பெற்று நிற்கும் எழுத்து என இரண்டாகப் பகுத்துப் பகுத்துப் பார்த்தார். வீட்டிலே தனித்திருந்து பொருளற்ற ஓசைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்த அவரைக் கண்ட அவருடைய மகன், தந்தைக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று வெளியே ஓடிச்சென்று சொன்னாராம். கலீல் சினங்கொள்ளவில்லை. நான் சொல்வது இன்னதென்று உனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிகிறது என்ற கருத்தில் பாட்டாலேயே விடையளித்தார் என்பர். இறுதியில் 15 வாய்பாடுகளை 5 வட்டங்களில் அடக்கிக் காட்டினார். வட்டத்தில் ஒரு புள்ளியிலிருந்து தொடங்கினால் ஒரு யாப்பு. வேறொரு புள்ளியிலிருந்து தொடங்கினால் வேறொரு யாப்பு. பின்னர் அவருடைய வழியில் வந்த அக்ஃபஷ் பதினாறாவதைச் சேர்த்தார் என்பது வழிவழிச் செய்தி. ஆசிரியர் வகுத்ததோடு கல்வி முடிந்துவிட்டது என்று அங்கே எவரும் எண்ணவில்லை.

அவர் இட்ட பெயர்களையும் பாருங்கள். அரபுக் கவிதையின் ஈரடி சேர்ந்த அலகுக்கு ‘பைத்’ என்று பெயர். வீடு, கூடாரம் என்பது அதன் பொருள். அதன் பாதிக்கு ‘மிஸ்ராஃ’. கதவின் ஒரு பலகை. சிறு ஓசைக் கூறுகளுக்கு ‘ஸபப்’, ‘வதத்’; அதாவது கூடாரக் கயிறும் முளைக்குச்சியும். பாலைவனத்து மனிதன் நாள்தோறும் கட்டி அவிழ்க்கும் கூடாரத்தைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஓசையை அவர் கண்முன் நிறுத்தினார். தமிழிலும் யாப்பு என்றால் கட்டு. தளை என்றால் பிணிப்பு. அடி என்றால் பாதம். தெரிந்த பொருளைக் கொண்டு தெரியாததைப் பிடிப்பதே இரு மொழியாரும் கைக்கொண்ட வழி. ஒரு துறையில் கண்டதை மற்றொரு துறைக்குக் கொண்டு போகும் இப்பழக்கம் கவிஞருக்கு மட்டுமன்று, கடைக்காரருக்கும் தச்சருக்கும் சமையற்கட்டில் நிற்கும் தாய்க்கும் உரியது.

கலீலின் மற்றொரு பணி ‘கிதாபுல் ஐன்’ என்னும் அகராதி. அரபு எழுத்துகளை வழக்கமான வரிசையில் வைக்காமல், அவை பிறக்கும் இடத்தை வைத்து வரிசைப்படுத்த அவர் விரும்பினார். அதற்காக ஒவ்வோர் எழுத்தையும் ‘சுவைத்துப்’ பார்த்தார். முன்னே ஓர் அகரத்தை ஒலித்து, அடுத்து அந்த எழுத்தைச் சுகூனாக நிறுத்தி, நாவும் தொண்டையும் உதடும் எங்கே தொடுகின்றன என்று கவனித்தார். தொண்டையில் தொடங்கி உதட்டில் முடியும் வரிசை அவ்வாறு கிடைத்தது. அவ்வரிசையில் ‘ஐன்’ முதலில் நின்றமையால் நூலுக்கும் அதுவே பெயராயிற்று. நம் தொல்காப்பியத்தில் ‘பிறப்பியல்’ என்று ஓர் இயலே எழுத்துகள் பிறக்குமிடத்தைப் பற்றிப் பேசுகிறது. இரு மொழியிலும் இலக்கண ஆசான்கள் தம் சொந்த வாயையே ஆராய்ச்சிக் கூடமாகக் கொண்டனர். அதற்குச் செலவு எதுவுமில்லை. தேவைப்பட்டது கவனம் ஒன்றே.

அந்த அகராதியில் அவர் மற்றொன்றும் செய்தார். இரண்டெழுத்தை மாற்றி மாற்றி அடுக்கினால் 2 வடிவங்கள், மூன்றெழுத்தை அடுக்கினால் 6, நான்கெழுத்துக்கு 24, ஐந்தெழுத்துக்கு 120. இவ்வாறு வரக்கூடிய எல்லா வேர்ச்சொற்களையும் கணக்கிட்டு, இது வழக்கில் உண்டு, இது வழக்கில் இல்லை என்று பிரித்தார். வழக்கில் உள்ளதை மட்டும் தேடியிருந்தால் தமக்கு நினைவில் வந்த சொற்களோடு நின்றிருப்பார். இருக்கக்கூடிய எல்லாவற்றையும் முதலில் அடுக்கிவிட்டு, பிறகு இருப்பதைத் தேடினார். ஒரு காரியத்தை எத்தனை வகையில் செய்யலாம் என்று எழுதிப் பார்க்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? ஒருவர் ஒரு தெருவில் துணிக்கடை வைத்தால், அடுத்தவரும் அதே தெருவில் அதே துணிக்கடையை வைக்கிறார். அவருக்கு அறிவு குறைவென்பதன்று. கண்ணில் பட்ட ஒரே வழியோடு அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். கலீலின் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தால் இன்னும் ஐந்து வழிகள் தென்பட்டிருக்கும்.

இவை அறிஞர்க்குரிய செய்திகள் அல்லவா என்று சிலர் கேட்கலாம். அப்படியானால் கலீல் நமக்குத் தந்த மூன்றாவது கொடையைப் பாருங்கள். அது இன்று ஒவ்வொரு முஸ்லிம் வீட்டிலும் குழந்தையின் மடியில் இருக்கிறது. தொடக்க காலத்தில் அரபு எழுத்துக்கு உயிர்க்குறிகள் கிடையா. அரபி அல்லாதார் இஸ்லாத்தில் இணைந்து, ஓதுவதில் பிழை நேரத் தொடங்கியதும், அபுல் அஸ்வத் அத்துஅலி என்னும் பெரியார் எழுத்தின் மேலும் கீழும் பக்கத்திலும் புள்ளியிட்டு உயிரோசையைக் காட்டினார். எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகளும் உண்டாகையால், இரண்டும் கலந்துவிடாமலிருக்க வேறு நிற மை வேண்டியிருந்தது. இந்த இடரைக் கலீல் நீக்கினார். ‘வாவ்’ எழுத்தைச் சிறிதாக்கி மேலே வைத்தார். அது பேஷ் ஆயிற்று. ‘அலிஃப்’ எழுத்தைச் சாய்த்து மேலே கிடத்தினார்; அது ஜபர் ஆயிற்று. ‘ஷீன்’ எழுத்தின் தலையை எடுத்து ஷத்தாக்கினார். ‘ஐன்’ எழுத்தின் தலையை எடுத்து ஹம்ஸாவாக்கினார். ஒரே மையால் எழுத முடிந்தது. புத்தம் புதிதாக எதையும் அவர் படைக்கவில்லை. கையிலிருந்த எழுத்துகளையே சிறிதாக்கி இடம் மாற்றினார். அன்றாட வாழ்வின் புதுமைகளில் பல இத்தகையனவே.

இந்தத் தொடர் பஸராவோடு முடியவில்லை. நம் கடற்கரை ஊர்களில் வாழ்ந்த ஆலிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுத முற்பட்டபோது இதே இடர் அவர்களையும் எதிர்கொண்டது. ழகரமும் ளகரமும் ணகரமும் டகரமும் அரபியில் ஏது? பகரம்கூட இல்லை. எகரம், ஒகரம் என்னும் உயிர்களுக்கு ஜபரும் ஜேரும் பேஷும் போதா. அவர்கள் ஒலியில் நெருங்கிய அரபு எழுத்துகளை எடுத்து, மேலும் கீழும் புள்ளியும் குறியும் சேர்த்து, தமிழுக்கு வேண்டிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். அரபுத் தமிழ் இவ்வாறு நிலைபெற்றது. தமிழ் நெடுங்கணக்கைப் பயின்றிராத பெண்களும், மக்தபில் கற்ற அரபு எழுத்தைக் கொண்டே தம் தாய்மொழியில் மார்க்கச் சட்டங்களைப் படித்தறிந்தனர். இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) இயற்றிய ‘மகானி’ அவ்வகையில் புகழ் பெற்ற நூல். நம் பாட்டிமாரின் கையிலிருந்த அந்தப் பழைய கிதாபு, தன் காலத்தில் ஒரு பெரும் புதுமை. இன்று அதைப் பழமையென்று போற்றுவோரும், பழமையென்று ஒதுக்குவோரும் இவ்வுண்மையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, இப்பழக்கங்கள் நம் வீடுகளில் வேரூன்ற என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் தலையாயது கேட்கும் பழக்கம். நமக்குக் கிடைத்துள்ள முழுமையான தமிழ் முஸ்லிம் இலக்கியங்களுள் மிகப் பழையதெனக் கொள்ளப்படுவது, வண்ணப்பரிமளப் புலவர் பாடி 1572-இல் மதுரையில் அரங்கேற்றிய ‘ஆயிர மசலா’. மசலா என்றால் வினா. யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினாக்களைத் தொடுக்க, நபிகளார் (ஸல்) விடை பகர்வதாக அமைந்தது அந்நூல். நம் இலக்கியத்தின் வாசற்படியே கேள்விகளால் கட்டப்பட்டிருக்கிறது! அத்தகைய மரபில் வந்த நம் வீடுகளில், பேஷ் ஏன் குட்டி வாவைப்போல் இருக்கிறது என்று ஒரு சிறுவன் கேட்டால் என்ன விடை கிடைக்கிறது? “பேசாமல் ஓது” என்பதுதான். அச்சிறுவன் கேட்டது கலீலின் கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் சொல்லலாம். தெரியாவிட்டால் நாளை பார்த்துச் சொல்கிறேன் எனலாம். அடக்கப்பட்ட கேள்வி இரண்டாம் முறை எழுவதில்லை. பத்து வயதில் கேட்பதை நிறுத்தியவன் முப்பது வயதில் தொழிலில் புதுவழி காணவில்லையே என்று வருந்திப் பயனென்ன? பெண் பிள்ளைகளின் கேள்விகளை நாம் இன்னும் விரைவாக அடக்கிவிடுகிறோம். அந்த இழப்பு ஒரு வீட்டோடு நிற்பதன்று. அவள் வளர்க்கப்போகும் தலைமுறையையும் அது சாரும்.

அடுத்தது குறித்து வைக்கும் பழக்கம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் (810–870) இரவில் படுத்த பின்னும் ஏதேனும் நினைவுக்கு வந்தால் எழுந்து விளக்கேற்றி எழுதிவிட்டுப் படுப்பார்கள் என்றும், ஓரிரவில் பதினைந்து இருபது தடவை இவ்வாறு எழுந்ததுண்டு என்றும் அவர்களுடன் இருந்தோர் அறிவித்துள்ளனர். அக்காலத்தில் விளக்கேற்றுவது ஒரு பொத்தானை அழுத்தும் வேலையன்று; சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி நெருப்பெடுக்க வேண்டும். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று அவர்கள் தள்ளிப்போடவில்லை. எண்ணம் விருந்தாளியைப் போன்றது. வாசலில் வந்து நிற்கும்போது வரவேற்காவிட்டால் வேறு வீட்டுக்குப் போய்விடும். ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் தலைமாட்டில் வைத்துக்கொள்வது எவராலும் இயலும்.

மூன்றாவது, செய்து பார்க்கும் பழக்கம். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: கூரையின் சிறு துளை வழியே வரும் வெயில் தரையில் வட்டமாக விழும். துளை கோணலாக இருந்தாலும் வெளிச்சம் வட்டமாகவே விழுவதேன்? பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் (கி.பி. 965 – ஏறத்தாழ 1040) இதனைச் சூரிய கிரகணத்தின்போது ஆராய்ந்து தனி நூலே எழுதினார். கதிரவன் பிறையாகத் தேயும்போது, சிறு துளை வழியே விழும் ஒளியும் பிறையாகவே விழுகிறது. துளையைப் பெரிதாக்கினால் பிறை மறைந்து, துளையின் வடிவமே தரையில் தெரிகிறது. அப்படியாயின் அந்த வட்டம் துளையின் வடிவமன்று, கதிரவனின் உருவம். ஒளியைப் பற்றி அவர் எழுதிய ‘கிதாபுல் மனாளிர்’ 7 பாகங்களைக் கொண்டது. அதன் லத்தீன் மொழிபெயர்ப்பு 1572-இல், அதாவது ஆயிர மசலா அரங்கேறிய அதே ஆண்டில், பாஸல் நகரில் அச்சேறியது. முன்னோர் நூலைப் படிப்பவன் அதை அப்படியே நம்பிவிடாமல், அதையும் தன் சொந்த அறிவையும் ஒருசேர ஐயுற்றுச் சோதிக்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. தன் அறிவையும் ஐயுற வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பிறரை மட்டும் ஐயுறுவது செருக்கில் முடியும். தன்னையும் சேர்த்து ஐயுறுவதுதான் ஆராய்ச்சி.

நான்காவது, திருத்திக்கொள்ளும் பழக்கம். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர். உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்கள் இராக்கில் இருந்தபோது அளித்த தீர்ப்புகளுள் பலவற்றை எகிப்துக்குச் சென்ற பின் மாற்றிக்கொண்டார்கள். முன்னையது ‘கவ்ல் கதீம்’. பின்னையது ‘கவ்ல் ஜதீத்’. ஜதீத் என்றாலே புதியது என்றுதான் பொருள்! இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ பட்டு வணிகர்; மாணவரைச் சுற்றி அமர்த்தி, ஒவ்வொரு சிக்கலையும் விவாதத்துக்கு விட்டுத் தெளிவு கண்டவர்கள். அவர்களுடைய மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் ஆசிரியரோடு மாறுபட்ட இடங்கள் பல. அம்மாறுபாடுகளை மத்ஹபின் நூல்கள் இன்றளவும் ஒளிக்காமல் பதிவு செய்து வைத்திருக்கின்றன. இத்தகைய இமாம்களைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே, நேற்றுச் சொன்னதை இன்று மாற்றினால் மதிப்புப் போய்விடும் என்று நாம் அஞ்சலாமா? வீட்டில் தந்தை ஒரு முறையேனும், “நீ சொல்வதுதான் சரி” என்று மகனிடமோ மகளிடமோ சொல்லக் கேட்ட குழந்தை, அறிவுக்கு வயதில்லை என்பதை அந்த ஒரு சொல்லிலேயே கற்றுக்கொள்கிறது.

இவை அனைத்துக்கும் அடிநிலமாக வேண்டுவது சற்று நேரத் தனிமை. கலீல் தம் கதவைச் சாத்திக்கொண்டால் அவருடைய கவலை அந்தக் கதவைத் தாண்டிப் போகாது எனத் தம்மைப் பற்றிக் கூறிக்கொண்டதாக அறிகிறோம். நம் கதவு சாத்தியிருந்தாலும் கையிலுள்ள கைபேசி உலகத்து இரைச்சலையெல்லாம் உள்ளே அழைத்து வருகிறது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பத்து நிமிடமும், உலை கொதிக்கும் வரை காத்திருக்கும் நேரமும் முன்பு நமக்கே உரியனவாய் இருந்தன. எண்ணங்கள் வந்து கூடும் வேளைகள் அவை. ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரமேனும் அக்கருவியைத் தொடாதிருக்க ஒரு குடும்பம் முடிவு செய்தால், அது பெரும் முதலீடாகும்.

இவ்வளவும் சொன்ன பின், மிகவும் இன்றியமையாத ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. புதியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடுமா? ஆகாது. மிளகில் பப்பாளி விதையைக் கலக்கக் கண்டுபிடித்தவனும் புதிதாகத்தான் சிந்தித்தான். தராசின் அடியில் காந்தம் ஒட்டுகிறவனும் கூர்மையாகத்தான் கவனிக்கிறான், செய்து பார்க்கிறான், திருத்திக்கொள்கிறான். நாம் இதுவரை எண்ணிய பழக்கங்கள் அனைத்தும் அவனிடமும் உண்டு. பயனளிக்காத கல்வியை விட்டுப் பாதுகாவல் தேடும் துஆவைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தது இதனாலன்றோ! பழக்கங்கள் அறிவைக் கூர்மையாக்கும். கூரிய கத்தி எதை அறுக்க வேண்டும் என்பதைச் சொல்வது பழக்கமன்று, நிய்யத்து.

இதற்கும் கலீலின் வாழ்வே சான்று பகர்கிறது. அவருடைய இறுதியைப் பற்றி வரலாற்று நூல்கள் ஒரு செய்தியைக் கூறுகின்றன. எளிய கணக்கு முறை ஒன்றை வகுக்க அவர் விரும்பினார். அதைக் கற்றுக்கொண்ட ஒரு பணிப்பெண் மளிகைக் கடைக்குச் சென்றால், கடைக்காரரால் அவளை ஏமாற்ற முடியாதிருக்க வேண்டும் என்பதே அவருடைய குறிக்கோள். அந்த எண்ணத்தில் ஆழ்ந்தவராகப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, தூண் இருப்பதைக் கவனியாமல் அதில் மோதி விழுந்தார். அதுவே அவருடைய மரணத்துக்குக் காரணமாயிற்று. வேறு காரணம் சொல்வோரும் உளர். செய்தி எவ்வாறாயினும், பிற்காலத்தார் அவரை எப்படி நினைவு கூர்ந்தனர் என்பதில் ஒரு படிப்பினை இருக்கிறது. அரபு மொழியின் ஓசையை வட்டத்தில் அடக்கியவர், அதன் சொற்கடலை எண்ணிக் கணக்கிட்டவர், கடைசியாக எண்ணிக்கொண்டிருந்தது சில்லறைக் காசை எண்ணத் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றி. தராசில் காந்தம் ஒட்டுகிறவன் அவளை ஏமாற்றப் புதுவழி தேடுகிறான். கலீலோ அவள் ஏமாறாமலிருக்கப் புதுவழி தேடினார். கூர்மை இருவருக்கும் பொது. நோக்கம்தான் இருவரையும் பிரிக்கிறது.

ஆகவே, இன்று நாம் புதிதாக என்ன செய்யலாம் என்று எண்ணுவோர், பெரிய கண்டுபிடிப்புகளைப் பற்றிக் கனவு காண வேண்டியதில்லை. நம்மைச் சுற்றி எவர் எதனால் இடருறுகிறார் என்று பார்த்தால் போதும். பெரிய எழுத்திருந்தால் ஓதிக்கொண்டிருக்கக்கூடிய முதியவர், விண்ணப்பத் தாளை நிரப்பத் தெரியாமல் அலுவலகத்து வாசலில் நிற்கும் விதவை, பள்ளிவாசலின் படியேற முடியாமல் தெருவிலேயே நின்றுவிடும் ஊனமுற்றவர்: இவர்கள் ஒவ்வொருவரும் நமக்கு விடப்பட்ட ஒரு மசலா. விடை காண வேண்டியவர்கள் நாம். அந்தப் பணிப்பெண்ணுக்கான கணக்கைக் கலீல் முடித்துவைத்ததாக எந்த நூலும் கூறவில்லை. அது இன்னும் முடியாமலே கிடக்கிறது.

கேட்கும் செவியையும், எண்ணும் உள்ளத்தையும், எளியோர்பால் சாயும் நிய்யத்தையும் நமக்கும் நம் மக்களுக்கும் வல்ல இறைவன் வழங்கி அருள்வானாக! ஆமீன்.